ஆறு மில்லிமீட்டர் சூடு

சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையில் வரிசையாக இருக்கும் விளக்குக் கடைகளில் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மாலையில், கிண்ணம் போன்ற கண்ணாடிக்குள் பொருத்தப்பட்டு வரும் 12 வோல்ட் 50 வாட் ஹாலஜன் விளக்குகளில் ஒரு டஜன் வாங்கினேன். கடையிலிருந்த சீன மூதாட்டி, எந்த அறைக்கு என்றும் கூரை எவ்வளவு உயரம் என்றும் கேட்டுவிட்டு, எல்இடி வாங்கினால் மின்கட்டணமும் குறையும், சூடும் இருக்காது என்று அக்கறையோடு எடுத்துச் சொன்னார். அந்தச் சூடுதான் எனக்கு வேண்டிய சரக்கு என்பதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் மாண்டரின் போதவில்லை. தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்து வந்துவிட்டேன். அந்த டஜன் விளக்குகளும் என் வேலைக்கு ஒரு நாள்கூடப் பயன்படவில்லை. அதற்கு அந்த மூதாட்டி காரணமல்ல.

நான் காக்கி புக்கிட்டில், மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சிறு இயந்திரங்களும் பிடிமானச் சட்டங்களும் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். அப்போது எங்களிடம் வந்த வேலை, பார்ப்பதற்கு எளிமையானது. ஓர் உணரியின் (சென்சாரின்) தலையில், ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையத்துக்குள் ஒரு பீங்கான் வட்டை எப்பாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும். பசை 150 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இருந்தால் இறுகிவிடும். அதிலிருந்து பத்து மில்லிமீட்டர் தள்ளி ஒரு பிளாஸ்டிக் வில்லை (லென்ஸ்) இருக்கிறது. அது 85 பாகையைத் தாண்டினால் வளைந்துபோகும். ஆகவே வளையத்தை மட்டும் சுட வேண்டும், அதன் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பக்கூடாது.

சூளைக்குள் வைத்தால் எல்லாமே சேர்ந்து வேகும் என்பதால் அந்த வழி முதலிலேயே அடைபட்டது. சூடான உலோக முனையைத் தொடவைத்துப் பார்த்தோம். வளையம் நகர்ந்தது, முனையில் பசை ஒட்டிக்கொண்டது, பத்தாவது துண்டுக்குள் முனை அடுப்பில் காய்ந்த பாத்திரம்போல் ஆகிவிட்டது. வெப்பக் காற்றை ஊதினால் இலேசான வட்டு பறந்தது, காற்றோ தன் விருப்பப்படி வில்லையின்மேலும் வழிந்தது. லேசர் இதற்கு மிகப் பொருத்தமானதுதான். ஆனால் கருவியின் விலையோடு மூடிய கூண்டு, கதவுப் பூட்டுச் சுற்று, பயிற்சி பெற்ற ஆள் ஆகியவையும் சேரும். இங்கே உயர்திறன் லேசர் என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமமும் வேண்டியிருக்கும். ஒரே ஒரு வளையத்தை ஒட்டுவதற்கு இத்தனையையும் கட்டியெழுப்ப வாடிக்கையாளர் ஆயத்தமாக இல்லை.

எங்கள் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் மன்னார்குடிக்காரர் ஒருவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். அவர் காப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊர்ல கோழிக்குஞ்சுக்குக் குண்டு பல்பு போட்டுப் பார்த்ததில்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் பாலஸ்டியர் சாலைக்கு அனுப்பியது. குஞ்சுகளுக்குப் பெட்டிக்குள் நூறு வாட் பல்பு எரியவிடுகிறவர்கள், வெளிச்சத்துக்காக அதைச் செய்வதில்லை. மின்னிழை விளக்கு தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் வெப்பமாகத்தான் போகிறது. வீட்டுக்கு விளக்காக வாங்கினால் இது பெருங்குறை. சூடாக்கியாக வாங்கினால், இவ்வளவு திறன்மிக்க சூடாக்கி வேறு எளிதில் அகப்படாது.

வாங்கி வந்த விளக்கை மேசையில் பொருத்தி, முன்னால் ஐந்து சென்டிமீட்டரில் ஒரு கறுப்புத் தாளை வைத்து எரியவிட்டேன். கண்கூசும் வெளிச்சம். தாள் வெதுவெதுப்பானது, அவ்வளவுதான். ஆனால் விளக்கின் பின்புறம் நான் அவசரத்துக்குச் செருகியிருந்த பிளாஸ்டிக் தாங்கி, இரண்டு நிமிடத்தில் இளகி மேசைமேல் குனிந்தது. சூடு எங்கே போகிறது என்பதை அந்தத் தாங்கி என்னைவிட முன்னதாகப் புரிந்துகொண்டது.

அலங்கார விளக்காக விற்கப்படும் அந்தக் கிண்ணக் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றின் உட்புறத்தில் இருப்பது உலோகப் பூச்சு அன்று. மிக மெல்லிய பல அடுக்குகளால் ஆன ஒரு பூச்சு. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை முன்பக்கம் திருப்பிவிட்டு, அகச்சிவப்புக் கதிர்களில் பெரும் பங்கைத் தன்னூடாகப் பின்பக்கம் கசியவிடும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டது. நகைக் கடையிலும் ஓவியக் கூடத்திலும் காட்சிப்பொருள் சூடாகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அணைந்திருக்கும்போது அதன் பின்புறத்தைப் பார்த்தால் எண்ணெய்ப் படலம்போல நீலமும் ஊதாவும் மின்னும். அந்த மினுமினுப்பைக் கண்டாலே இது நமக்கு வேண்டாத விளக்கு என்று ஒதுக்கிவிடலாம். அலுமினியப் பூச்சுள்ள கிண்ணங்களும் சந்தையில் உண்டு. அவை முன்பக்கமே சூட்டை அனுப்பும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வோல்ட், ஒரே வாட். விளக்காகப் பார்க்கிறவருக்கு வேறுபாடு ஏறக்குறைய இல்லை.

அன்று முதல் இந்த வேலை முழுவதிலும் திரும்பத் திரும்ப நான் கண்டது இதைத்தான்: ஹாலஜன் விளக்கைப் பற்றி வெளிச்சம் தரும் பொருளாக நாம் அறிந்து வைத்திருக்கும் ஒவ்வொன்றையும், சூடு தரும் பொருள் என்ற கண்ணோடு இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் தலைகீழாக விடை வரும்.

வரலாற்றிலும் இந்த விளக்கு சூட்டிலிருந்துதான் பிறந்தது என்பதைப் பின்னர் படித்தபோது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஐம்பதுகளில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில், தொழிற்சாலைகளில் பொருள்களைக் காயவைக்க மெல்லிய குவார்ட்ஸ் குழாய்க்குள் டங்ஸ்டன் இழையை வைத்து, சூடேற்றும் விளக்குகள் செய்தார்கள். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் குழாயின் உட்சுவரில் படிந்து கறுப்பாக்கிவிட்டது. அதற்கு மாற்றுத் தேடிய எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி இருவரும் குழாய்க்குள் சிறிதளவு அயோடினைச் சேர்த்தார்கள். அதற்கான காப்புரிமை 1959இல் கிடைத்தது. சுவர் 250 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்போது, ஆவியான டங்ஸ்டன் அங்கே படியாமல் அயோடினோடு சேர்ந்து வாயுவாகவே மிதக்கிறது. மிகச் சூடான இழைக்கருகே வந்ததும் பிரிந்து டங்ஸ்டனை அங்கேயே விட்டுவிட்டு, அயோடின் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்புகிறது. இன்றைய விளக்குகளில் பெரும்பாலும் புரோமின் சேர்மங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. கழன்ற மண்ணை வரப்பிலேயே திருப்பி அள்ளிப்போடும் ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கழன்ற இடத்திலேயே சரியாகப் போடுவதில்லை, ஆதலால் இழை என்றேனும் ஓரிடத்தில் மெலிந்து அறுந்தே தீரும். சுவர் கறுக்காது என்பதுதான் ஆதாயம். சுவர் கறுக்காது என்றால் குமிழைச் சிறிதாக்கலாம். குமிழ் சிறிதானால் கண்ணாடிக்குள் அடக்கலாம். பட்டாணிப் பருமனுள்ள குமிழில் நூறு வாட்டை அடைக்க முடிவது இதனால்தான்.

இனி அந்த நூறு வாட்டை ஆறு மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். சூரியகாந்தக் கல் பஞ்சைச் சுடும் என்று பழைய நூல்களில் உவமை சொல்வார்கள்; கல்லில் நெருப்பு இல்லை, வெயிலில் உள்ளதை ஓரிடத்தில் கூட்டுவதுதான் அதன் வேலை. எங்களுக்கு அந்தக் கல்லின் இடத்தில் நின்றது நீள்வட்ட ஆடி. நீள்வட்டத்துக்குக் குவியங்கள் இரண்டு; ஒன்றில் இழையை வைத்தால், ஆடியின் எந்தப் பகுதியில் பட்ட கதிரும் மற்றதற்குத்தான் போய்ச் சேரும். இங்கே விளக்கின் வாட்டைவிட இழையின் அளவு முக்கியம். குவியத்தில் விழுவது இழையின் உருவம், அதுவும் சற்றுப் பெரிதாகி விழும் உருவம். ஆகவே 230 வோல்ட்டில் எரியும் நீண்ட, மெல்லிய இழையைவிட, 12 வோல்ட்டில் எரியும் குட்டையான, தடித்த இழைதான் இதற்கு ஏற்றது. 100 வாட் விளக்கில் அது நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுருண்டு கிடக்கும். எத்தனை ஆடி, எத்தனை வில்லை வைத்தாலும், இழையின் பரப்பில் உள்ள செறிவைத் தாண்டிக் குவியத்தில் செறிவைக் கூட்ட இயற்கை இடம் கொடுக்காது. பெரிய விளக்கைப் போட்டால் பெரிய வட்டம்தான் கிடைக்கும், கூர்மை கிடைக்காது. முதலில் 250 வாட் விளக்கைப் பொருத்திவிட்டு வில்லையும் சேர்ந்து வளைவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஆடியின் உட்புறத்துக்குத் தங்க முலாம் பூசச் சொன்னபோது எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் அது ஆடம்பரம் அன்று. சுமார் 3000 கெல்வினில் எரியும் இழையின் கதிர்வீச்சு, சூடான பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாக வீசும் என்று சொல்லும் வீன் விதிப்படி, ஏறத்தாழ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் உச்சம் அடைகிறது. நம் கண் 0.7 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. அலுமினியம் அந்த உச்சத்துக்குச் சற்று முன்னால், 0.8 மைக்ரான் அருகே, பிரதிபலிப்பில் தடுமாறும். தங்கமோ சிவப்பு நிறம் முடியும் இடத்திலிருந்து அகச்சிவப்பு முழுவதையும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் திருப்பிவிடும், காற்றில் மங்கவும் செய்யாது. நீல ஒளியை மட்டும் அது விழுங்கிவிடும், அதனால் குவியத்தில் விழும் வெளிச்சம் மஞ்சளடித்துத் தெரியும். விளக்கின் தரத்தை நிறத்தால் அளக்கிறவர் இதைப் பழுது என்றுதான் சொல்வார். முலாமின் கனம் மைக்ரான் கணக்கில்தான் என்பதால் செலவும் தவுக்கே அஞ்சிய அளவுக்கு வரவில்லை.

மின்னூட்டும் பக்கத்தில் என்னைத் தடுமாறவைத்தது, குளிர்ந்த இழை. எரியும்போது 12 வோல்ட் 100 வாட் விளக்கின் மின்தடை 1.44 ஓம், அணைந்து ஆறிய நிலையில் அதே இழையின் தடை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். எரியும்போது எட்டு ஆம்பியர் கேட்கும் விளக்கு, போட்ட கணத்தில் அதைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கைக் கேட்கும். நான் பயன்படுத்திய மின்வழங்கி இதைக் குறுக்குச்சுற்று என்று எடுத்துக்கொண்டு தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், பிறகு மறுபடி முயலும், மறுபடி அணைக்கும். விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும், எரியவே எரியாது. வீட்டு விளக்குகளில் இந்தத் தொல்லையை நாம் உணர்வதில்லை, ஏனென்றால் பழைய இரும்புக் கரு மின்மாற்றிகள் ஒரு கணத்து மிகையை முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்ளும். எங்கள் இயந்திரத்திலோ ஒரு துண்டுக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை விளக்கு எரிந்து அணைய வேண்டும். கடைசியில் மின்னழுத்தத்தை அரை நொடியில் மெல்ல ஏற்றும் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைச் சேர்த்தோம். துண்டுகளுக்கு இடையில் இழையை முற்றிலும் ஆறவிடாமல், மங்கலான செந்நிறத்தில் காத்திருக்கவும் வைத்தோம். இழைகள் அறுவது கண்கூடாகக் குறைந்தது.

மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். விளக்குத் தொழிலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு ஒன்று உண்டு: இழையின் ஆயுள் மின்னழுத்தத்தின் பன்னிரண்டாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் இருக்கும், வெளிச்சம் 3.4ஆம் அடுக்கில் மாறும், உறிஞ்சும் வாட் 1.6ஆம் அடுக்கில் மாறும். மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் வெளிச்சம் முப்பது விழுக்காடு போய்விடும். வெப்பமோ பதினைந்து விழுக்காடுதான் குறையும். ஆயுள் மூன்றரை மடங்காகும். வெளிச்சம் வேண்டியவருக்கு இது நட்டம், எங்களுக்கு வாரிக்கொண்டுவரும் லாபம். ஆனால் பேராசையோடு இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டு போனால் குமிழின் சுவர் 250 பாகைக்குக் கீழே இறங்கிவிடும், உள்ளே மண் அள்ளிப்போடும் ஆள் வேலையை நிறுத்திவிடுவார், குமிழ் கறுக்கத் தொடங்கும். நீண்ட நேரம் தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஓடிய விளக்கை இடையிடையே சிறிது நேரம் முழு அளவில் எரியவிடுவது நல்லது. வாங்கும்போதே ஆயுளையும் பார்த்து வாங்க வேண்டும்: ஒரே 12 வோல்ட் 100 வாட்டில், வெண்மையான ஒளிக்காகச் செய்யப்பட்ட 50 மணி நேர விளக்கும் உண்டு, 2000 மணி நேர விளக்கும் உண்டு. சூடாக்குகிறவர் முன்னதைத் தொடவே வேண்டியதில்லை.

குளிர்விப்பில்தான் சிங்கப்பூர் தன் கையைக் காட்டியது. இந்த விளக்கின் உடம்புக்கு இரண்டு விதமான ஆசைகள். குமிழின் சுவர் சூடாகவே இருக்க வேண்டும். ஆனால் அடியில், மின்கம்பி குவார்ட்ஸுக்குள் நுழையும், காற்றுப் புகாதபடி அடைத்த தட்டையான முத்திரைப் பகுதி 350 பாகையைத் தாண்டக்கூடாது. குவார்ட்ஸ் சூட்டில் விரிவது மிகச் சொற்பம், உலோகம் விரிவதோ அதைப்போல் பத்து மடங்கு. ஆதலால் கம்பியை நேரே உருக்கிப் பதிக்காமல், காகிதத்தைவிட மெல்லிய மாலிப்டினத் தகடு ஒன்றை இடையில் வைத்து அழுத்தியிருப்பார்கள். அந்தத் தகடு காற்றுப் பட்டுச் சூடேறினால் ஆக்சைடாகிப் பருக்கும், முத்திரை விரிசல் விடும், இழை நன்றாக இருக்கும்போதே விளக்கு செத்துப்போகும். ஆகவே காற்றடிக்க வேண்டிய இடம் அடிப்பாகம். குமிழின் முகத்தில் அடிக்கக்கூடாது. இது தெரியாமல் ஆடிக்குள் மேலிருந்து விசிறி வைத்திருந்தேன். அடிப்பாகம் வெந்து, முகம் ஆறி, இரண்டு கெடுதலும் ஒன்றாக நடந்தன.

ஆடியின் உடலுக்கு நீர்க் குளிர்விப்பு வைத்தோம். வாடிக்கையாளரின் ஆலையில் 18 பாகைக் குளிர்நீர்க் குழாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் அதிலிருந்து ஒரு கிளையை இழுத்தோம். சோதனை ஓட்டமெல்லாம் குளிரூட்டப்பட்ட அறைக்குள் நடந்தது, குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகு இயந்திரத்தைப் பொருள் ஏற்றி இறக்கும் வாயிலுக்கு அருகே, இரும்புக் கதவு நாள் முழுவதும் ஏறி இறங்கும் இடத்தில் நிறுத்தினார்கள். இந்த ஊரின் காற்றில் எந்நேரமும் இருக்கும் ஈரத்துக்கு, 24 பாகை அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி கோத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தபோது, குளிர்ந்த தேநீர்க் குவளையின் வெளிப்புறம்போல ஆடியின் தங்கமெல்லாம் வியர்த்து, முத்து முத்தாய் நீர் வழிந்துகொண்டிருந்தது. விளக்கை எரியவிட்டால் ஈரம் உலரும். ஆனால் பசையிலிருந்து எழும் ஆவியும் தூசும் அந்த ஈரத்தோடு சேர்ந்து படிந்து, வட்ட வட்டமாய்க் கறை விடும். கறை பட்ட இடம் கதிரைத் திருப்பாமல் விழுங்கும், மேலும் சூடாகும், மேலும் கறுக்கும். மூன்று வாரத்தில் வளையத்துக்குச் சேரும் வெப்பம் குறைந்து பசை இறுகாமல் வந்தது. முகத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தால் போதும் என்று பச்சை சாயலுள்ள சாதாரணச் சன்னல் கண்ணாடியை வெட்டி வைத்தேன். அந்தப் பச்சைக்குக் காரணமான இரும்பு ஒரு மைக்ரான் அருகே கதிரை உறிஞ்சுவதால் அது பத்து நிமிடத்தில் சூடேறிப் பிளந்தது. குவார்ட்ஸ் தகட்டை வைத்த பிறகுதான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. குளிர்நீரையோ, அதை 30 பாகைக்குச் சூடேற்றி அனுப்பும்படி மாற்றினோம். குளிர்விக்கும் நீரைச் சூடாக்கும் கூத்தைக் கண்டு அண்ணன் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

வளையம் என்ன பொருளால் ஆனது என்பதைப் பற்றி இதுவரை நான் பேசவில்லை; அதைக் கடைசியில்தான் நானும் எண்ணிப் பார்த்தேன். கதிரை அனுப்புவது பாதி வேலை, வாங்கிக்கொள்ள வேண்டியது எதிரே இருப்பது. மெருகேற்றிய எஃகு, ஒரு மைக்ரான் அருகே தன்மேல் விழும் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். செம்பும் அலுமினியமும் இன்னும் மோசம். வெள்ளைப் பீங்கானும் கதிரைச் சிதறடித்துவிடும், நடுவிலிருந்த கறுப்புப் பசையோ அள்ளிக் குடிக்கும். அதனால் வளையம் 150 பாகையை எட்டும் முன்பே வெளியே தெரிந்த பசையின் விளிம்பு கருகியது. எண்பதுகளில் மின்சுற்றுப் பலகைகளை அகச்சிவப்புச் சூளையில் வைத்து ஈயம் உருக்கியவர்களுக்கு இந்த அனுபவம் பழையது: கறுப்புச் சில்லு வெந்துபோகும், அதன் பளபளக்கும் கால்களில் ஈயம் உருகியிருக்காது, அதனால்தான் பின்னர் வெப்பக் காற்றுச் சூளைகளுக்குப் பலரும் மாறினார்கள். நாங்கள் வளையத்தின் மேல்விளிம்பை மணல் வீச்சால் மங்கலாக்கும்படி வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டோம், பசையின் நேர்மேலே நிழல் விழும்படி ஒரு சிறு தடுப்பும் வைத்தோம். பசை தன் சூட்டை வளையத்திடமிருந்து வாங்கிக்கொண்டது.

சூட்டை அளப்பது தனிக் கதை. கையில் பிடித்துச் சுடும் அகச்சிவப்பு வெப்பமானி 8 முதல் 14 மைக்ரான் வரையில்தான் பார்க்கும். மெருகேற்றிய எஃகு அந்த அலைநீளத்தில் தானாக வெளியிடுவது மிகக் குறைவு என்பதால், அதன் திரையில் வரும் எண் பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. 150 பாகையில் இருக்கும் வளையத்தை 50 என்று அது கூசாமல் சொல்லும். வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரியான தெர்மோகப்பிளை மேலே ஒட்டி வைத்தால் எதிர்ப்பக்கத் தவறு: அதன் முனை விளக்கின் கதிரைத் தானே நேராக வாங்கிக்கொண்டு, வளையத்தைவிடச் சூடாகி, அந்தச் சூட்டைச் சொல்லும். இரண்டு நாள் இந்த இரண்டு பொய்களுக்கும் இடையில் அலைந்தேன். பிறகு ஒரு மாதிரித் துண்டில், கதிர் படாத அடிப்பக்கத்தில் மயிரிழை போன்ற தெர்மோகப்பிளைப் பசைக்குள்ளேயே புதைத்து இறுகவிட்டு, அதையே அளவுகோலாக்கிக்கொண்டோம். தினமும் காலையில் அந்தத் துண்டை வைத்து ஒரு முறை ஓட்டி, 150 பாகைக்கு வர எடுக்கும் நேரத்தைக் குறிப்பார்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் ஆடியைத் துடைக்க வேண்டும் அல்லது விளக்கு முதுமையடைந்துவிட்டது என்று பொருள். நாள் முழுவதும் உற்பத்தி ஓடும்போது வெப்பநிலையைப் பின்தொடர்வதில்லை. விளக்கின் மின்னோட்டத்தையும் நேரத்தையும் மட்டும் காவல் காக்கிறோம். நேர்த்தியான முறை என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் பொய் சொல்லாத முறை.

நாங்கள் ஒற்றை விளக்கோடு பட்ட பாட்டைப் பெரிய அளவில் படுகிறவர்கள் இதே தீவில் இருக்கிறார்கள். உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ், தெம்பனிஸ் பகுதிகளில் உள்ள சில்லு ஆலைகளில், சிலிக்கன் வட்டுகளைச் சில நொடிகளில் ஆயிரம் பாகைக்கு ஏற்றி இறக்கும் கருவிகளுக்கு ஹாலஜன் விளக்குகள்தான் அடுப்பு. தேன்கூடுபோல நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டு, நீரால் குளிர்விக்கப்பட்டு, நொடிக்கு நூறு பாகைக்கும் மேலான வேகத்தில் சூட்டை ஏற்றுவன. அங்கேயும் வாங்கிக்கொள்ளும் பொருளின் குணம் ஆட்டம் காட்டும்: குளிர்ந்த சிலிக்கன் 1.1 மைக்ரானுக்கு மேற்பட்ட கதிரைக் கண்ணாடிபோல ஊடுருவவிட்டுவிடும், 600, 700 பாகைக்கு மேல் சூடேறிய பிறகுதான் எல்லாவற்றையும் விழுங்கத் தொடங்கும். அவ்வளவு தூரம் போகாமலும் இந்த விளக்கைப் பார்க்கலாம். அலுவலகத்து லேசர் அச்சுப்பொறிகள் பலவற்றில் தாளில் மையை உருக்கிப் பதிக்கும் உருளைக்குள் குழாய் வடிவ ஹாலஜன் விளக்கு இருக்கும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மாவின் ஈரப்பதத்தை அளக்கும் தராசின் மூடியிலும் அது இருக்கும்.

கையாள்வதில் இரண்டு செய்திகளை மட்டும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் விடாமல் சொல்கிறேன். குமிழை வெறுங்கையால் தொட்டுவிட்டால், எரியவிடும் முன் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். வியர்வையில் உள்ள உப்பு, அந்தச் சூட்டில் குவார்ட்ஸைப் படிகமாக்கி வெண்புள்ளி விழச் செய்யும், அந்த இடத்தில் குமிழ் உடையும், உள்ளேயோ அழுத்தம் நிறைந்த வாயு. அடுத்தது கண். வெளிச்சம் கூசுகிறது என்று வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குவியத்தை உற்றுப் பார்த்தான் ஒருவன். அந்தக் கண்ணாடி கூச்சத்தைத்தான் குறைக்கும். அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை, கண்மணியோ விரிந்து இன்னும் கூடுதலாக உள்ளே விடும். கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் காலப்போக்கில் கண்புரை வந்ததற்குக் காரணம் இந்தக் கதிர்கள்தான். இயந்திரத்துக்குத் தகடால் கூண்டு அடித்து, கதவைத் திறந்தால் விளக்கு அணையும்படி வைத்துவிட்டோம்.

ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு உபயோக ஹாலஜன் பல்புகளில் பெரும்பாலானவற்றை 2018 செப்டம்பரோடு நிறுத்தியது. இங்கே அடுக்குமாடிகளின் கீழ்த்தளக் கடைகளிலும் இப்போது எல்இடியைத் தவிர வேறொன்றைக் காண்பது அரிது. தொழிற்கருவிகளுக்கான சிறு குமிழ்கள் இன்னும் செய்யப்படுகின்றன, ஆனால் முன்புபோல எந்தக் கடையிலும் கை நீட்டி வாங்க முடிவதில்லை, சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த ஒரு வகை விளக்கை, அடிப்பாகத்தின் ஊசி இடைவெளியும் இழை மையத்தின் உயரமும் ஒன்றேயாக இருக்கும்படி பார்த்து, மொத்தமாக வாங்கி ஈரம் நீக்கிய பெட்டியில் அடுக்கியிருக்கிறோம். இழையின் உயரம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் குவியம் வளையத்தைவிட்டு நகர்ந்துவிடும், அப்போது ஆடியைக் கழற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அண்ணன் போன மாதம் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணினார், நாற்பத்தொன்று இருந்தன. பாலஸ்டியரில் வாங்கிய டஜனும் அந்தப் பெட்டி இருக்கும் அலமாரியின் மேல்தட்டில், நீலமாய் மின்னிக்கொண்டு, அப்படியே இருக்கிறது. தவுக்கே தன் வீட்டுச் சாமி மேசைக்கு இரண்டு கேட்டிருக்கிறார்.